வெள்ளெழுத்தின் கதை

ஊசியில் நூல் கோக்க முடியாமற் போனால் எங்கட ஊரில் ‘வெள்ளெழுத்து’ என்பார்கள். ‘சாளேசரம்’ என்பதும் அதுதான். நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

கிட்டவும் தூரவும் கண் எப்படிப் பார்க்கிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1801இல் இங்கிலாந்தின் தோமஸ் யங், நீர் நிரப்பிய குழாயைத் தன் கண்ணில் பொருத்தி, முன்படலத்தின் வேலையை இல்லாமற் செய்து பார்த்தார். அப்பவும் கண் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறியது. ஆகவே மாறுவது உள்ளேயிருக்கும் வில்லைதான். 1855இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் மிச்சத்தை விளக்கினார்: பிசிர்த்தசை சுருங்க, வில்லையைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும்; வில்லை தடித்துக் கிட்டவுள்ளது தெளியும். தசை ஓய, நார்கள் இறுகி வில்லை தட்டையாகும், தூரம் தெரியும். வயது போக வில்லை இறுகிவிடும். அதுதான் வெள்ளெழுத்து.

அதே காலத்தில் மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் எம்மவருக்கு மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. உடலின் உள்விஷயங்களைத் தமிழிற் சொல்லலாம் என்று அன்றே காட்டியாயிற்று.

என்னோடு தொழிற்சாலையில் நிற்கிற அண்ணை ஒருவர் அளவுகோலின் சின்னக் கோடுகளைக் கை நீட்டிப் பார்க்கிறார். கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும், வயசாளி என்று நிப்பாட்டிப் போடுவாங்கள் என்ற பயம். கண்ணாடியால் வில்லை பழுதாவதில்லை. போடாவிட்டாலும் அது இறுகத்தான் செய்யும். வெஸ்ட்லி உறவுகளே, இந்த மலரை எட்டப் பிடித்து வாசிப்பவர்கள் வெட்கப்படாமற் கண்ணைக் காட்டுங்கோ.