மொகாமா துறையில் உழைத்த இருப்புப்பாதை ஊழியர்

ஜிம் கார்பெட் என்ற பெயரைக் கேட்ட அளவிலே, துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். குமாவுன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்தியவர் என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. ஆயினும் அவர் தம் இளமையின் பெரும்பகுதியைக் கழித்தது காட்டிலன்று. கங்கைக் கரையில், நிலக்கரித் தூளும் தானிய மூட்டைகளும் நிறைந்த ஓர் இரயில்வே துறையிலேயாம். பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்திற் குடியேறி வாழும் நம்மனோர்க்கு, வேட்டைக்காரரின் கதையினும் இந்த இருப்புப்பாதை ஊழியரின் கதையே நெருக்கமானது எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனிதாலிற் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். மைந்தர் ஆறு வயது நிரம்பு முன்னரே, 1881-இல், அவர் காலமானார். பெரிய குடும்பம்; குறைந்த வருவாய். ஆகவே கல்லூரிப் படிப்பை எண்ணிப் பார்க்கவும் இயலாதவராய், பதின்பருவம் நீங்கு முன்னரே வங்காள வடமேற்கு இரயில்வேயில் எரிபொருள் மேற்பார்வையாளராக அவர் வேலைக்கு அமர்ந்தார்.

அந்நாளில் அப்பகுதியின் நீராவி இயந்திரங்கள் விறகாலும் இயங்கின. காட்டில் மரங்களை வெட்டி, 36 அங்குல நீளத் துண்டுகளாக்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, இருப்புப்பாதை வரையிற் கொணர்ந்து அடுக்குவிப்பதே அவ்விளைஞரின் தொழில். 18 திங்களில் 5,00,000 கன அடி மரம் சேர்த்தல் வேண்டும் என்பது ஒப்பந்தம். பிற்காலத்தே காடு அழிகின்றதே என்று கவலையுற்று எழுதியும் பேசியும் வந்த பெரியார், தம் வாழ்வின் முதற் சம்பளத்தைக் காட்டை வெட்டியே பெற்றார் என்பது எண்ணத்தக்கது. இருப்புப்பாதை இந்நாட்டிற்குத் தந்த நன்மைகள் பல. அதற்கு விலையாக நாடு ஈந்தவற்றுள் காடும் ஒன்று. அவ்விலையைக் கோடரியின் அருகில் நின்று கண்டவர் அவர்.

பின்னர்ச் சமஸ்திபூரிற் சில்லறைப் பணிகள் பல பார்த்து, 21-ஆம் வயதில் மொகாமா துறைக்கு வந்து சேர்ந்தார். இத்துறையின் இயல்பை அறிந்தாலன்றி அவர் உழைப்பின் அருமை விளங்காது. கங்கையின் தென்கரை வரையில் கிழக்கிந்திய இரயில்வேயின் அகலப்பாதை வந்தது. தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. வடகரையில் சிமரியா துறையிலிருந்து மீட்டர் பாதை தொடங்கியது. இடையே பாலமற்ற பேராறு. ஆகவே தென்கரை வண்டியில் வந்த பொருள் அனைத்தையும் இறக்கி, ஆற்றைக் கடத்தி, வடகரை வண்டியில் ஏற்றுதல் வேண்டும். வடக்கேயிருந்து வரும் பொருளுக்கும் இதுவே விதி. உப்பும் சர்க்கரையும் தானியமும் நிலக்கரியும் மனிதர் தலைமேலும் தோள்மேலும் ஏறியே கரை மாறின. எழும்பூரின் மீட்டர் பாதையையும் சென்னைச் சென்ட்ரலின் அகலப்பாதையையும் கண்டு பழகிய நம் முதியோர்க்கு இப்பாதை வேற்றுமையால் விளைந்த தொல்லைகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கார்பெட் அத்துறையை ஒப்புக்கொண்டபோது பொருள்கள் மலைபோற் குவிந்து கிடந்தன. நிலையத் தலைவர் ராம் சரண் அவருக்கு உற்ற துணையானார். இருவரும் கூலியாட்களோடு ஒருவராய் நின்று தாமும் சுமை தூக்கினர் என்பர். ஆயினும் திங்கள் மூன்றாகியும் தலைமை அலுவலகத்திலிருந்து பணம் வந்திலது. தொழிலாளர் ஒரு வேளை உணவிற்கே அல்லலுற்றனர். வேலையை விட்டுப் போகாமலும், பசியைப் பொறுக்க இயலாமலும், தம் நிலையை அவரிடம் வந்து முறையிட்டனர். 12,000 ரூபாய் அனுப்பப்பட்டது என்ற உறுதி நண்பகலுக்குள் வாராதாயின் மொகாமா துறையில் வேலை நின்றுவிடும் என்று அவர் தந்தி அடித்தார். பணம் புறப்பட்டது. உழைத்தவன் கூலிக்காகக் காத்திருக்கும் கொடுமையை மாதச் சம்பளக்காரராகிய நாம் அனைவரும் உணர்வோம். அக்கொடுமையை மேலிடத்திற்கு உரைக்கும் கடமை மேற்பார்வையாளனுக்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அத்துறையில் ஒரு பள்ளியும் எழுந்தது. தொழிலாளர் மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று விரும்பியவர் ராம் சரணே. தொடக்கத்தில் மாணவர் 20 பேர். ஆனாற் சாதி குறுக்கிட்டது; ஒரே குடிசையுள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கிருத்தல் ஆகாது என்றனர். கூரையின் கீழ் அமர்வதற்குத் தடையில்லை, சுவர் சூழ்ந்த குடிசையுள் அமர்வதற்கே தடை என்பதை அறிந்து, ராம் சரண் சுவர்களை அகற்றிவிட்டார். பிள்ளைகள் ஒன்றாகப் படித்தனர். நாளடைவில் மாணவர் தொகை 200 ஆயிற்று. அரசாங்கமும் அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. சாதியை வாதத்தால் வெல்ல இயலாத இடத்தில், சுவரை எடுத்து வழி கண்ட அந்நிலையத் தலைவரின் பெயர் கார்பெட்டின் பெயரோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

இங்கு ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. இச்செய்திகளெல்லாம் பெரும்பாலும் கார்பெட் 1952-இல் வெளியிட்ட ‘என் இந்தியா’ என்னும் நூலின் வழியே நமக்குக் கிடைப்பன. மூட்டை சுமந்தவர்கள் தம் கதையைத் தாம் எழுதி வைத்திலர். அவரோ ஆளும் இனத்தைச் சார்ந்தவர், ஒப்பந்தக்காரர், தொழிலாளர்க்கும் அவர்க்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு பெரிது. ஆயினும் தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்திற் பிறந்து, கூலிக் குழுவின் தலைவராய் உயர்ந்து, வாந்திபேதியால் உயிர் நீத்த சமாரி என்பவருக்கு அந்நூலில் ஒரு தனி இயலே உண்டு. முன்னோர் பட்ட சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய் அடிமைப்பட்ட புத்து என்பவருக்கும் ஓர் இயல் உண்டு. அந்நூலை இந்தியாவின் ஏழை மக்களுக்கே அவர் காணிக்கையாக்கினார். பிறர் எழுதாது விட்ட பெயர்களை அவர் எழுதி வைத்தார் என்ற அளவில் நம் நன்றிக்கு உரியவரே.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் இத்துறைப் பணி நீடித்தது. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை 1907-இல் வீழ்த்தியதும், பனார்ச் சிறுத்தையை 1910-இல் வீழ்த்தியதும் இரயில்வே ஊழியராய் இருந்த காலத்திலேதான். முதல் உலகப் போரின்போது, 1917-இல், குமாவுன் மலைமக்கள் 500 பேர் கொண்ட தொழிற்படையைப் பிரான்சு நாட்டிற்கு நடத்திச் சென்றார். போருக்குப் பின் இருப்புப்பாதைப் பணியை விட்டு நீங்கி, மலைநாட்டிலேயே வாழலானார். காலாடுங்கியை அடுத்த சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரைத் திருத்திக் குடிகளை அமர்த்தினார். காட்டு விலங்குகள் பயிரை அழியாவண்ணம் ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். 1936-இல் நிறுவப்பெற்ற ஹெய்லி தேசியப் பூங்காவிற்கு அவர் முயற்சியும் ஒரு காரணம்.

இனி அவரது இறுதிக்காலம். 1947-இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பரில், தமக்கையார் மாகியுடன் நைனிதாலை நீங்கிக் கென்யாவிற்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 72. ஆங்கிலேயராய்ப் பிறந்தும் இங்கிலாந்து அவருக்கு ஊரன்று. ஊராய் இருந்த இந்தியாவில் தமக்கு இனி இடமுண்டோ என்ற ஐயம் அவரை வெளியேற்றியது. நியேரி என்னும் ஊரில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபு வாழ்ந்த சிறு வீட்டிலே உடன்பிறப்பு இருவரும் குடியிருந்தனர். அங்கிருந்தே அவர் மொகாமாவையும் காலாடுங்கியையும் நினைந்து நூல்கள் எழுதினார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 79. அவர் உடல் நியேரியிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் மறைவுக்குப் பின் அந்தத் தேசியப் பூங்காவிற்கு இந்திய அரசாங்கம் அவர் பெயரையே சூட்டியது. புலிகளைக் காக்கும் திட்டமும் 1973-இல் அங்கேயே தொடங்கப்பெற்றது. மொகாமா துறையிலோ, 1959-இல் இராசேந்திரப் பாலம் திறக்கப்பெற்றது. மனிதர் தோளில் ஏறிக் கரை மாறிய மூட்டைகள் வண்டியிலேயே ஆற்றைக் கடந்தன. அத்துறையும் அத்தொழிலும் மறைந்தன. அது நன்றே, மனிதன் முதுகு வளையாமல் வேலை நடைபெறுதலை யார் வெறுப்பர்?

ஆனால் தொழில் மறைந்தாலும் தொழிலாளரை மறத்தல் தகாது. நம் காலனியிலும் இருப்புப்பாதையிலோ ஆலையிலோ அலுவலகத்திலோ வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற முதியோர் வீடுதோறும் உளர். அவர்கள் பிறந்த மண் வேறு. உழைத்த மண் வேறு. கண் மூடும் மண் எதுவோ. அவர்கள் இயக்கிய இயந்திரங்கள் பழம்பொருளாயின. அவர்களுடன் பணி செய்தோரின் பெயர்களும் ஊர்களும் அவர்கள் நினைவிலன்றி வேறெங்கும் பதிவாகவில்லை. எழுதும் ஆற்றல் கார்பெட்டிற்கு வாய்த்தது; எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின் நம் இளைஞர்கள் மாலைப்பொழுதில் அப்பெரியோரின் அருகமர்ந்து, அவர்கள் கூறுவனவற்றைக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதி வைப்பார்களாக. அடுத்தடுத்து வரும் ஆண்டு மலர்களுக்கு அவற்றினும் சிறந்த வரலாறு வேறில்லை.