முகூர்த்த நேரமும் ஈரம் காயும் நேரமும்

கல்யாணப் படம் எடுப்பதும் வாட்டர் கலர் தீட்டுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நம் ஊர்களில் புதிதல்ல. ஓவியம் படித்தவர்களில் சிலர் பிழைப்புக்காகக் கேமராவைத் தூக்குகிறார்கள். மண்டபத்தில் சம்பாதித்து, மிச்ச நேரத்தில் தாள் முன் உட்காருகிறார்கள். கேமரா ஆளை வீட்டிலிருந்து பிரிக்கும், தூரிகை வீட்டோடு இருத்தும் என்று இவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று குடும்பம் கணக்குப் பார்ப்பது குறைவு. நடுவில் கூப்பிட்டால் எழுந்து வர முடியுமா என்பதே அதற்குப் பெரிது. அந்த அளவுகோலை வைத்து இரண்டையும் பார்க்கிறேன்.

கல்யாண வேலை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் முடிந்து சாப்பிட உட்காரும்போது இரவு பதினொன்றாகும். மறுநாள் நாலரை – ஆறு முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே பெண்ணின் அலங்காரத்தை எடுக்க நிற்க வேண்டும். மாலை மாற்றலையும் ஊஞ்சலையும் மறுபடி ஒரு முறை கேட்டால் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார்கள். தாலி அப்படியல்ல. கெட்டிமேளம் முழங்கி, முதல் முடிச்சு விழுந்து, நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் சில விநாடிகள்தான். அட்சதை பறக்கும், நாலா பக்கமும் செல்போன் கைகள் எழுந்து மறைக்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து குழந்தைக்கு ஜுரம் என்று போன் வந்தாலும் எடுக்க வழியில்லை. ஒரு குடும்பம் தன் வாழ்வின் ஒரு நாளை நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் இந்த இல்லாமை முன்கூட்டியே தெரிந்த இல்லாமை. பஞ்சாங்கம் அதை அச்சடித்தே கொடுத்துவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் வைப்பதில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறை புரட்டாசியில் வருகிறது, அரையாண்டு விடுமுறை மார்கழியில். அந்த நாட்களில் புகைப்படக்காரர் வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோடை விடுமுறைதான் சங்கடம். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடம் மூடியிருக்கும், மண்டபம் நிரம்பியிருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமும் அதே வளர்பிறை முகூர்த்தத்தில் விழுவது. ஆறு மாதத்துக்கு முன்பே அட்வான்ஸ் வாங்கிய தேதியில் மச்சினன் கல்யாணம் வந்தால், மனைவி தனியாகப் போய் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஜனவரியில் காலண்டர் வந்தவுடன் குடும்பத்து நாட்களை முதலில் குறித்துவிட்டுப் பிறகு புக்கிங் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழிலில் இதைவிட நல்ல வழக்கம் எனக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்த பிறகு நடப்பதுதான் வீட்டுக்குப் பெரிய தொல்லை. எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியதையும் ஆடியதையும் கழிக்க வேண்டும், கலர் திருத்த வேண்டும், ஆல்பம் டிசைன் போட வேண்டும். இந்த வேலையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி எழுந்து வரலாம். அதனாலேயே அது முடிவதில்லை. சாப்பாட்டுக்கு எழுந்தவர் திரும்ப உட்காருகிறார், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மறுபடி உட்காருகிறார். மண்டபத்துக்குப் போனவரை வீடு பொறுத்துக்கொள்ளும். பக்கத்து அறையில் திரையைப் பார்த்தபடி பாதி காதில் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பொறுத்துக்கொள்வது கடினம். கட்டுப்படியாகிறவர்கள் எடிட்டிங்கை வெளியே கொடுத்துவிடுவதே நல்லது.

பயணப் படங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியலுக்கு முன்னும் பொழுது சாயும்போதும் கிடைக்கும் வெளிச்சத்தை நம்பிய வேலை அது. குடும்பத்தோடு போகும் சுற்றுலாவில் அதே இரண்டு நேரத்தில்தான் குழந்தைகளுக்குத் தூக்கமும் பசியும். படம் எடுப்பதையும் சுற்றுலாவையும் ஒரே பயணத்தில் கலக்காமல் தனித்தனியாகப் போய்வருவது எல்லோருக்கும் நிம்மதி.

வாட்டர் கலரின் நேரம் வேறு வகை. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை நனைத்து, வானத்துக்கு முதல் பூச்சு போட்டால், அந்த ஈரம் அடங்குவதற்குள் மேகத்தின் ஓரங்களைக் கரைத்துவிட வேண்டும். அரை ஈரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் காலிஃபிளவர் போல ஒரு கறை விரியும். அதை அழிக்க முடியாது. வெள்ளை என்பது தாளின் வெண்மைதான், ஒருமுறை மூடினால் முழுதாகத் திரும்பாது. ஆகவே அந்தக் கொஞ்ச நேரம் தாலி கட்டும் நேரத்துக்கு ஈடானது. கேஸ் சிலிண்டர் வந்தாலும் குழந்தை கூப்பிட்டாலும் தூரிகையைக் கீழே வைக்க முடியாது. வீட்டில் இருக்கிற ஆள் வராமல் போனால் வீட்டுக்குப் புரிவதில்லை. மண்டபத்தில் இருப்பவரிடம் இல்லாத கோபம் இவர்மேல் வருகிறது.

ஆனால் பூச்சு முடிந்ததும் காயும்வரை காத்திருக்க வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலில் சட்டென்று காயும். சென்னையின் ஐப்பசி மழையில் வெகுநேரம் ஈரம் நிற்கும். அடுத்த பூச்சை அவசரப்பட்டுப் போட்டால் அடியிலிருக்கும் நிறம் கலங்கி மண்ணாகும். எனவே நல்ல ஓவியருக்கு எழுந்து போவதும் வேலையின் ஒரு பகுதி. அந்த இடைவெளியில் காய் நறுக்கலாம், வீட்டுப்பாடம் பார்க்கலாம். கல்யாண நாளில் இப்படி ஓர் இடைவெளி கிடையாது. பக்கத்தில் உட்காரும் குழந்தைக்கு ஒரு தாளும் மலிவான பிரஷ்ஷும் கொடுத்தால் அதுவும் தன்பாட்டுக்குத் தீட்டும். மண்டப மேடைக்குக் குழந்தையைக் கூட்டிப்போக முடியுமா?

வீட்டையும் வாட்டர் கலரையும் ஒன்றாக்கியவர் என்றால் ஸ்வீடனின் கார்ல் லார்சன்தான் நினைவுக்கு வருகிறார். பாரிசுக்கு அருகே க்ரே என்ற ஊரிலிருந்த ஓவியர் குடியிருப்பில்தான் அவர் எண்ணெய் வண்ணத்தை விட்டு நீர்வண்ணத்துக்கு வந்தார். அங்கே பழகிய கரின் பெர்க்யூவை 1883இல் மணந்தார். 1888இல் கரினின் தந்தை சுந்த்போர்ன் கிராமத்தில் அவர்களுக்கு ஒரு சிறு வீட்டைக் கொடுத்தார். அந்த வீட்டையும் அதில் ஓடியாடிய பிள்ளைகளையும் சாப்பாட்டு மேசையையும் ஜன்னல் செடிகளையும் லார்சன் வரைந்த நீர்வண்ணங்கள் 1899இல் புத்தகமாக வந்தன. குடும்பமே அவருக்குப் பொருளானதால் குடும்பத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே இழுபறி இல்லை என்று அந்தப் படங்களைப் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

எனக்கு அந்தப் படங்கள் உயிர். ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கரினைத்தான் தேடுகிறேன். அவரும் ஸ்டாக்ஹோம் கலைக் கழகத்தில் முறையாகப் படித்த ஓவியர். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். கல்யாணத்துக்குப் பின் ஓவியத்தைக் கைவிட்டு, நெசவிலும் பூத்தையலிலும் மேசை நாற்காலி வடிவமைப்பிலும் இறங்கினார். கணவர் வரைந்த அந்த வீட்டின் திரைகளும் விரிப்புகளும் பெரும்பாலும் அவர் கைவேலை. இன்று அவையும் தனியாகக் கொண்டாடப்படுகின்றன. அவர் ஏன் மாறினார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. தறியில் பாதி வரிசையில் எழுந்து போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் நூல் அங்கேயே இருக்கும். ஈரத்தாளில் நிறம் அப்படிக் காத்திருக்காது.

இதனால்தான், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெண்களுக்கு வாட்டர் கலர் ஏற்றது, வீட்டிலேயே இருந்து செய்யலாமே என்று சொல்லப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. வீட்டிலிருந்து வரையும் ஆணை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வீடு கால் சத்தத்தை அடக்கும். அதே மேசையில் வரையும் பெண்ணைக் காபிக்குக் கூப்பிடுவார்கள். பெண்ணுக்கு இந்த இரண்டில் கேமராவே சில சமயம் சுலபம் என்று நினைக்கிறேன். மண்டபத்துக்குப் போகிறாள் என்றால் பாட்டியோ சித்தியோ வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த அறையில் வானம் தீட்டுகிறாள் என்றால் அப்படி ஓர் ஏற்பாடு தேவை என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கு வேண்டியது அந்த முதல் பூச்சின் ஈரம் அடங்கும்வரை அடுப்பையும் வாசல் மணியையும் பார்த்துக்கொள்ள ஒருவர். முகூர்த்தத்துக்குக் கேமராவோடு கிளம்பும் கணவனுக்கு அவள் இத்தனை வருடமாகச் செய்துவருவது அதைத்தான்.