பஞ்சாங்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பங்குனி 16, வெள்ளி. பூர்வபக்க ஏகாதசி நா. 24 வி. 30, ஆயிலியம் நா. 38 வி. 10, திருதி, பத்திரை.

பஞ்சாங்க நடையில், விளக்கத்துக்காக நான் அமைத்த வரி இது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இருந்துகொண்டு இதைப் பிரித்துப் பார்ப்போம்.

வெள்ளி: இந்த நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. வெள்ளி விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளை சாதகத்தில் வியாழக்கிழமைப் பிள்ளைதான். வெள்ளி இராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்பது ஆறு மணிக்கு உதயமாகும் நாளுக்குரிய கணக்கு. பங்குனி நடுவில் இங்கே உதயம் ஏறக்குறைய 6.10. பகலை எட்டாகப் பகுத்தால் நான்காம் பகுதி 10.44 அளவில்தான் தொடங்கும். நாட்காட்டிக்காரர் இதைக் கவனிப்பதில்லை.

பூர்வபக்க ஏகாதசி: அமாவாசைக்குப் பின் சந்திரன் சூரியனைவிட 12 பாகை முந்த ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீரானதல்ல. ஆகவே திதி 20 மணித்தியாலத்திலும் முடியும், ஏறக்குறைய 27 வரையும் நீளும்.

நா. 24 வி. 30: நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 செக்கன். உதயத்திலிருந்து 9 மணி 48 நிமிடம் கழித்து, அதாவது பிற்பகல் 3.58க்கு, ஏகாதசி முடிகிறது. 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே வந்தது. உதயத்திலிருந்து எண்ணும் நாழிகைக்கு இதெல்லாம் பொருட்டேயில்லை.

ஆயிலியம்: சந்திரன் நிற்கும் நட்சத்திரம், 13 பாகை 20 கலை அளவு. 1964இல் சமாதியடைந்த கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் குருபூசை பங்குனி ஆயிலியத்தில்தான். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும்.

திருதி, பத்திரை: முன்னது யோகம், சூரிய சந்திரர் நிலைகளின் கூட்டுத்தொகை. பின்னது கரணம், அரைத் திதி; சுபகாரியத்துக்கு விலக்குவார்கள்.

இனி, இந்த எண்கள் வரும் வழி. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கியம். சந்திரனுக்குரிய 248 வாக்கியங்களை வைத்துக் கணிப்பது அந்த மரபு. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாட்டால் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை ஜோன் வாரன் பதிவுசெய்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, முடிவில் 52. திருக்கணிதம் இக்கால வானியல் அளவைகளால் இந்தப் பிழையைத் திருத்துகிறது. வானத்தில் உள்ளபடி வேண்டுமென்றால் திருக்கணிதமே சரி. ஆனால் கோயில் ஒரு முறையிலும் வீடு மற்ற முறையிலும் நின்றால் விரதம் இரண்டு நாளாகும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒவ்வோராண்டும் இரண்டு நேரம் அச்சாவதும் இதனால்தான்.

ரொறன்ரோவில் இருப்போருக்கு ஒரு சொல். இங்கே 3.58 என்றால் அங்கே காலை 6.28, சூரியன் உதிப்பது ஏழு மணியளவில். உங்கள் வெள்ளி உதயத்தில் இருப்பது துவாதசி. ஊர்ப் பஞ்சாங்கத்தின் கிழமையை அப்படியே எடுக்காமல், அங்குள்ள உதயத்துக்குக் கணித்ததைப் பாருங்கள்.