துரையின் இரண்டு துப்பாக்கிகள்

என் அப்பாவின் அப்பா குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாட்சராக இருந்தவர். 1940-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தார். லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் பாதி மறந்துவிட்டது. ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"துரைக்கு ரெண்டு துப்பாக்கிடா. ஒண்ணு கிளப்புக்குப் போறதுக்கு, ஒண்ணு காட்டுக்குப் போறதுக்கு."

இரண்டுமே போல்ட் ஆக்ஷன் ரைஃபிள்தான். கிளப்புத் துப்பாக்கி லண்டனில் செய்தது. வால்நட் மரக்கட்டையில் ஆற்று நீர் போல ரேகை ஓடும், இரும்பில் இலையும் கொடியும் செதுக்கியிருக்கும் என்பார் தாத்தா. காட்டுத் துப்பாக்கி ஒரு .315. "பட்டாளத்துத் துப்பாக்கியோட மூக்கை அறுத்த மாதிரி இருக்கும்" என்பது அவருடைய வர்ணனை.

எனக்குத் தொழில் மென்பொருள். துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் பார்க்க அழகாக இருந்த ஒன்றை ஏன் காட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்ற கேள்வி ரொம்ப நாளாக உள்ளே கிடந்தது. கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

சட்டம் பெற்ற பிள்ளை

முதலில், போல்ட் ஆக்ஷன் என்றால் என்ன? நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஜெர்மனியின் மவுசர் 1898-இல் கொண்டுவந்த வடிவம் ஒரு குடும்பம். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு இன்னொரு குடும்பம். மவுசரில் பூட்டும் முக்கியமான காதுகள் போல்ட்டின் முன்பக்கம் இருக்கும், பிடி அதிகம். லீயில் அவை பின்பக்கம் இருக்கும். உறுதி சற்றுக் குறைவு, ஆனால் கைப்பிடி வெண்ணெய் போல ஓடும். தாத்தாவின் துரை வைத்திருந்த .315 லீ வம்சம்.

இந்த .315 என்ற அளவே ஒரு வினோதம். பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா .303. அதே தோட்டா பொதுமக்கள் கையிலும் இருந்தால், ராணுவக் கிடங்கிலிருந்து திருடிப்போனது கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவும் என்ற பயம் 1857-க்குப் பிறகு ஆங்கிலேயரை விடவே இல்லை. அதனால் ராணுவ அளவுகளைத் தனியார் வைத்திருக்கக் கட்டுப்பாடு வந்தது. வியாபாரிகள் சளைத்தவர்களா? ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை எடுத்தார்கள். அது .303 உருவத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியதால், லீ துப்பாக்கியைச் சற்றே மாற்றி அதற்கு ஏற்றபடி ஆக்கிவிட்டார்கள். அதுதான் இந்தியாவில் .315 ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் இதே துப்பாக்கியைத் தொடர்ந்து செய்தன.

ஆக, அது அழகுக்காகவும் பிறக்கவில்லை, அதிசயமான செயல்திறனுக்காகவும் பிறக்கவில்லை. சட்டத்துக்கும் சட்டைப்பைக்கும் நடுவில் பிறந்தது. எங்கள் துறையில் இதை ‘லெகசி சிஸ்டம்’ என்போம். யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இடியாப்ப உரலும் சுடுதண்ணியும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனால் வெலிங்டனை அடுத்து அருவங்காடு வரும். அங்கே உள்ள கார்டைட் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கார்டைட் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் புகை குறைந்த உந்துமருந்து. நைட்ரோகிளிசரினையும் நைட்ரோ ஏற்றிய பஞ்சையும் கொஞ்சம் வாசலினையும் சேர்த்துப் பிசைந்து, துளை வழியாகக் கயிறு கயிறாகப் பிழிவார்கள். நம் இடியாப்ப உரல் வேலைதான்.

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எரியும்போது சூடு மிக அதிகம். 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் குழலுக்குள் இருந்த பள்ளங்கள் ஆழம் குறைந்தவை. குண்டைச் சுழல வைப்பவை அந்தப் பள்ளங்கள்தான். கார்டைட் சூட்டில் அவை சீக்கிரம் தேய்ந்தன. அதனால் பள்ளத்தை ஆழமாக்கி 1895-இல் வந்ததுதான் லீ-என்ஃபீல்டு. மருந்தின் செய்முறையையும் மாற்றினார்கள்: ஆரம்பத்தில் 58 சதவீதமாக இருந்த நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இன்னொரு எதிரி தோட்டாவின் பின்புறம் இருக்கும் பற்றவைக்கும் மருந்து. அந்தக் காலத்தில் அதில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது ஒரு வகை உப்பாகக் குழலுக்குள் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். நீலகிரி மூடுபனியில் கேட்கவே வேண்டாம். இதில் எண்ணெய் போட்டும் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீர்தான் வேண்டும். அதுவும் கொதிக்கிற தண்ணீர், அப்போதுதான் குழல் தானே உலர்ந்துவிடும்.

இதைப் படித்தபோதுதான் தாத்தாவின் ஒரு கதை எனக்குப் புரிந்தது. துரை காட்டிலிருந்து திரும்பினால், எந்த நேரமாக இருந்தாலும், பங்களா சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைப்பது தாத்தாவின் வேலை. புனல் வைத்து .315-இன் குழலில் ஊற்றுவார்கள். குளிருக்காக டீ போடப்போகிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன்.

கிளப்புத் துப்பாக்கிக்கு இந்தச் சடங்கு கிடையாது. அதைத் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைப்பார்கள். வெளியே கண்ணாடி போல இருக்கும்.

மரம் மழை குடிக்கும்

மழைக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது ஞாபகம் இருக்கும். அது அபூர்வம் என்றாலும், தென்மேற்குப் பருவத்தில் மலையின் மேற்குச் சரிவு வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். நம் வீட்டு மரக்கதவு மழைக்காலத்தில் சாத்த வராமல் அடம்பிடிப்பது போல, துப்பாக்கிக் கட்டையும் உப்பும். உப்பிய கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், குண்டு படும் இடம் மாறிவிடும். கோடையில் சரியாகக் குறி பார்த்து வைத்த துப்பாக்கி, மழைக்குப் பிறகு அதே குறிக்கு வேறு இடத்தில் சுடும். கட்டையைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

இந்த வியாதி .315-க்கும் உண்டு, அதுவும் மரம்தானே. ஆனால் துரை அதை அடிக்கடி சுட்டார். எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியும். மாறினால் சரிசெய்வார். கிளப்புத் துப்பாக்கி வருடத்துக்கு ஒருமுறை வெளியே வந்தால் பெரிது.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் சென்னையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவருக்கு துரை அந்த அழகான துப்பாக்கியைக் கொடுத்தார். விருந்தாளி ஒரு கடமானைச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டது. கடமான் சோலைக்குள் போய்விட்டது. விருந்தாளி அன்று மாலையே ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார். தாத்தாவும் இரண்டு குறும்பர்களும் ரத்தச் சுவடு பிடித்து இரண்டு நாள் நடந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஓடையோரத்தில் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. இதற்கு மேல் தாத்தா சொல்லமாட்டார். வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

சுட்டவர் கை நடுங்கியதா, கட்டை உப்பியதா, குழல் அரித்துப்போயிருந்ததா, இப்போது நிரூபிக்க வழியில்லை. என் ஊகம் பின்னிரண்டும். எப்படியிருந்தாலும், அந்த இரண்டு நாள் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. துப்பாக்கியின் அழகை அனுபவிப்பவன் வைத்திருப்பவன். அதன் துல்லியக் குறைவை அனுபவிப்பது விலங்கும், பின்னால் நடக்கிறவனும்.

மனிதர்களும்தான். 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட பழைய காயம் அது. அதனால்தான் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரைத் தேடியது என்பது கார்பெட்டின் முடிவு. அதே வேட்டையின் கடைசிக் கட்டத்தில் தன் தோட்டாக்கள் தீர்ந்துபோய், தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிப் புலியின் வாயைக் குறிபார்த்துச் சுட்டார் கார்பெட். குண்டு பட்டது அதன் முன்னங்காலில்! முன்பே பட்ட காயங்களால் புலி சாய்ந்ததால் பிழைத்தார். இதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது ரிக்பி கம்பெனியின் .275 போல்ட் ஆக்ஷன், மவுசர் குடும்பம். பரிசு விவரம் பொறித்த சிறு வெள்ளித் தகடு இருந்தாலும், அது ஒரு வேலைக்காரத் துப்பாக்கி. பிறகு பல வேட்டைகளில் அவர் கையோடு இருந்தது.

அமெரிக்காவில் நடந்த பஞ்சாயத்து

அழகா, வேலையா என்ற இந்தச் சண்டை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் வின்செஸ்டர் 70 என்ற ரைஃபிள் 1936-இல் வந்து பெரும் பெயர் எடுத்தது. 1964-இல் செலவைக் குறைக்க அதை மாற்றினார்கள். கையால் வெட்டிய பிடிக்கோடுகள் போய், அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. தோட்டாவைப் பற்றி இழுக்கும் அமைப்பும் மாறியது. வாங்குகிறவர்கள் கொதித்துப்போனார்கள். இன்றைக்கும் ‘64-க்கு முந்தையது’ என்றால் விலை தனி.

இதற்கு நேர் எதிர்க்கதை ரெமிங்டன் 788. 1967 முதல் 1983 வரை வந்த மலிவு மாடல். சாதாரண மரம், அலங்காரம் எதுவும் கிடையாது. அசிங்கம் என்றே சொன்னார்கள். ஆனால் அதே கம்பெனியின் விலை கூடிய 700 மாடலுக்குச் சமமாகச் சுடும் என்று பெயர் வாங்கியது.

எனக்குப் பிடித்தது சாவேஜ் 110, 1958. குழலையும் போல்ட் பகுதியையும் சரியான இடைவெளியில் பொருத்துவது கைதேர்ந்தவர் செய்யும் வேலை. சாவேஜ் அங்கே ஒரு நட்டு வைத்தது. அளவுகோலை உள்ளே வைத்துத் திருகி, சரியானதும் நட்டை முறுக்கிவிடலாம். குழலின் அடியில் அந்த நட்டு துருத்திக்கொண்டு தெரியும், அழகு போச்சு. ஆனால் நுணுக்கமான கைவேலை ஒரு மரையாக மாறிவிட்டது. ஒரு எஞ்சினியராக இதற்கு எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

இப்போது வரும் ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் போன்ற மலிவு ரைஃபிள்களுக்கு பிளாஸ்டிக் கட்டை. குழல் கட்டையைத் தொடாமல் தனியே நிற்கும். 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் என்கிறார்கள். பார்க்க வாளிக் கைப்பிடி மாதிரி இருக்கும். மழையில் உப்பாது.

அழகுக்கும் ஒரு வார்த்தை

இதோடு முடித்தால் நியாயமில்லை. அழகு என்று நாம் பார்ப்பதில் பல, ஒரு காலத்தில் வேலையாக இருந்தவை. கட்டையில் ரேகை நேராக ஓடினால் மரம் முறியாது. குறுக்குக் கோடுகள் ஈரக் கையில் வழுக்காமல் இருக்க. இரும்பின் நீலநிறம் துருவைத் தள்ளிப்போட. வேலை தேவைக்கு மேல் போனபோது அது அலங்காரமானது. ரேகை சுழன்று சுழன்று ஓடும் கட்டைதான் விலை அதிகம். உறுதி என்னவோ நேர் ரேகைக்குத்தான்.

நீலகிரியில் வேட்டைக்காரர்களே 1877-இல் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் வேட்டை விலங்குகளைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. வரையாட்டில் பெட்டைகளை விட்டுவிட்டு, முதுகில் வெளிறிய சேணம் போட்டது போலிருக்கும் முதிர்ந்த கிடாக்களை மட்டும் சுட அனுமதி. பிறகு 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து விளையாட்டுக்கான வேட்டையை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. முக்குருத்தி இன்று வரையாட்டுக்கான தேசியப் பூங்கா. துரையின் இரண்டு துப்பாக்கிகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "ரெண்டுல எது நல்ல துப்பாக்கி தாத்தா?"

கிளப்புத் துப்பாக்கியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். எத்தனை இலை, எத்தனை கொடி, பெட்டிக்குள் விரித்திருந்த துணி என்ன நிறம், எல்லாம் ஞாபகம் இருந்தது. அழகுன்னா அதுதாண்டா அழகு என்றார்.

"சரி, அந்தக் காட்டுத் துப்பாக்கி?"

கொஞ்சம் யோசித்தார். "அது எப்படி இருந்துச்சுன்னு சரியா ஞாபகமில்லடா. சுட்ட எடத்துல படும்."