தேர் வடமும் தாளக்கட்டும்

மாசித் தேருக்கு நம்ம காரமடை வந்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு நேரத்தில் வடத்தை இழுத்தால் அரங்கநாதர் தேர் அசையாது. மேளத்துக்கும் 'கோவிந்தா' குரலுக்கும் எல்லோரும் சேர்ந்து இழுக்கணும்.

இதே சங்கதியை வீடியோ கேமில் கொண்டுவந்தவர் ஜப்பானைச் சேர்ந்த டெட்சுயா மிசுகுச்சி. 2001-இல் சேகா நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'ரெஸ்' விளையாட்டுக்குத் தூண்டுதல், இசையை நிறங்களாய்த் தீட்டிய ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி. நாம் பொத்தானை முன்னே பின்னே தட்டினாலும், சுடும் ஓசையைக் கணினி ஒரு கணம் பிடித்து வைத்து, சரியாக அடுத்த தாளத்தில் விடும். திரையும் அதோடு துடிக்கும். ஆடுபவர் தன்னையறியாமல் வாத்தியக்காரர் ஆகிவிடுவார். 2018-இல் வந்த அவரது 'டெட்ரிஸ் எஃபெக்ட்'டில் கட்டையைத் திருப்பினாலே இசை பிறக்கும்.

நம்மவர்களும் சளைத்தவர்களல்ல. கனடாவின் டொரண்டோவில் அபி என்ற தமிழர் தொடங்கிய விசை கேம்ஸ், 2023-இல் 'வெண்பா'வை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தாய் ஒருத்தி இட்லி ஊற்றும்போது, பழைய தமிழ் சினிமாப் பாணியில் புதிதாய் இசையமைத்த பாட்டு வானொலியில் ஒலிக்கும். 2024-இல் அதற்கு, முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இறுதியாண்டில் என் அறைத் தோழன் மேளத்தை வைத்து ஒரு கேம் செய்யலாம் என்றான். "வேலைக்கு ஆகாதுடா" என்று தடுத்தவன் நான்தான். அது தப்புங்க. இனி ஜூனியர் யாராவது கேட்டால், தடுக்காமல் வடத்தில் ஒரு கை கொடுங்க.