வக்காலத்து

அரபியில் 'வகீல்' என்றால் ஒருவர் தம் பொறுப்பை ஒப்படைத்த ஆள். அந்த ஒப்படைப்பு 'வகாலத்'. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து ஒன்று வக்கீலாகவும் மற்றது வக்காலத்தாகவும் நிலைத்தன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் வக்கீல், பிளீடர் என்ற பழைய பிரிவுகளுக்குப் பதிலாக 'அட்வகேட்' என்ற ஒரே பிரிவைக் கொண்டுவந்தது. ஊர் வாயில் இன்னும் வக்கீல்தான்.

நீதிமன்றத்தில் வக்காலத்து என்பது ஒரு தாள். கட்சிக்காரர் கையெழுத்திட, வக்கீல் ஏற்றுக் கையொப்பமிட்டு, சேமநல நிதி வில்லை ஒட்டித் தாக்கல் செய்வார். படிக்காமலே கையெழுத்துப் போடுபவர்களும் உண்டு. சமரசம் பேசவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் தரப்பட்டிருக்கலாம்.

தெருவில், 'அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்றால் கேட்காமலே பரிந்து பேசுவது. ஒப்படைப்பே இல்லாத வக்காலத்து!