வீட்டுக்கல்வியில் உலக வரலாறும் அமெரிக்க வரலாறும்: ஒரே காலக்கோட்டில் கற்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் வசிக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு இணையவழியில் மார்க்க வகுப்பு நடத்தி வருகிறேன். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிவுக்கு வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி குறுக்கிட்டாள்.

"ஹஸ்ரத், கிரனடா விழுந்தது 1492-ன்னு சொல்றீங்க. கொலம்பஸ் வந்ததும் 1492 தானே? இது வேற 1492-ஆ?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை. காலையில் தாயார் அமெரிக்க வரலாறு சொல்லித் தருகிறார். வார இறுதியில் நான் இஸ்லாமிய வரலாறு சொல்லித் தருகிறேன். இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனி நோட்டு. இரண்டும் ஒரே பூமியில் நடந்தவை என்பதை நாங்கள் இருவருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இது ஒரு பாடத்திட்டக் குறை மட்டும் என்று கடந்துபோக முடியாது. "அவர்கள் வரலாறு" ஒரு நோட்டிலும் "நம் வரலாறு" இன்னொரு நோட்டிலும் இருந்தால், தான் பிறந்த நாட்டில் தனக்கு இடமில்லை என்றோ, தன் மார்க்கத்துக்கும் தன் நாட்டுக்கும் தொடர்பில்லை என்றோ பிள்ளை முடிவுசெய்துகொள்ளும். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் இதைச் சரிசெய்ய முடியும். இரண்டு பாடங்களையும் ஒன்றாக நடத்தும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது.

முதலில் சட்டம்

ஹோம் ஸ்கூலிங் எனப்படும் வீட்டுக்கல்விக்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்ட அனுமதி உண்டு. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் வீட்டுப் பள்ளி ஒரு தனியார் பள்ளியாகவே கருதப்படுகிறது. அரசிடம் பதிவுசெய்யத் தேவையில்லை. நியூயார்க்கில் ஆண்டுதோறும் பாடத்திட்டத்தை எழுதிக் கொடுத்து, காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையும் அனுப்ப வேண்டும். நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அமெரிக்க வரலாறும் அந்த மாநிலத்தின் வரலாறும் கட்டாயப் பாடங்கள். எனவே உங்கள் மாநிலக் கல்வித்துறையின் விதியைப் படித்துவிட்டே திட்டமிடுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் வழக்கமாக உலக வரலாறு ஓர் ஆண்டும் அமெரிக்க வரலாறு ஓர் ஆண்டும் நடத்தப்படும். இரண்டையும் சேர்த்து நடத்துபவர்கள் அதை இரண்டு ஆண்டுப் பாடமாக வகுத்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் பட்டியலில் மட்டும் உலக வரலாறு ஒரு கிரெடிட், அமெரிக்க வரலாறு ஒரு கிரெடிட் எனத் தனித்தனியாகக் காட்டுங்கள். கல்லூரிகள் எதிர்பார்ப்பது அந்த வடிவத்தைத்தான். ஏபி தேர்வு எழுத விரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த முறை தடையாகாது. உலக வரலாற்றுத் தேர்வு 1200-ஆம் ஆண்டு வாக்கிலும், அமெரிக்க வரலாற்றுத் தேர்வு 1491-லும் தொடங்குகின்றன. இரண்டையும் ஒரே காலக்கோட்டில் வைத்தாலே பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும்.

இணைப்புக் கண்ணிகள்

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்க முயன்றால் பிள்ளையும் களைத்துப்போகும், நீங்களும் களைத்துப்போவீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஐந்தாறு கண்ணிகள் போதும். நான் பரிந்துரைப்பவை இவை:

1. ஹிஜ்ரி 897. கிரனடா சரணடைந்தது 1492 ஜனவரி 2. கொலம்பஸ் கரீபியன் தீவில் இறங்கியது அதே ஆண்டு அக்டோபர் 12. ஹிஜ்ரிக் கணக்கிலும் இரண்டும் 897-லேயே வருகின்றன. கிரனடாப் போரை முடித்த அதே அரசனும் அரசியும்தான் கொலம்பஸின் பயணத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அவர் கூட்டிச் சென்ற மொழிபெயர்ப்பாளருக்கு அரபி தெரியும்; கீழைநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே அரபி உதவும் என்பது எண்ணம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1498-ல், அதே நறுமணப் பொருள்களைத் தேடி வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார். கேரளக் கரையிலும் நம் சோழமண்டலக் கரையிலும் முஸ்லிம் கடல் வணிகர்களின் நிலை அதன் பிறகு மாறிப்போனது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதையும் நம் மரைக்காயர்களின் கதையும் இந்த ஒரே தேடலில் இருந்து கிளைக்கின்றன.

2. இரண்டு கம்பெனிகள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600. வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607. கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரான தாமஸ் ஸ்மித்தான் வர்ஜீனியா கம்பெனிக்கும் பொருளாளராக இருந்தவர். பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அங்கிருந்து அடிமை வணிகமும் நடந்த காலம் அது. 1718-ல் அவர் அனுப்பிய துணிகளுக்கும் நூல்களுக்கும் நன்றியாகத்தான் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி யேல் என்று பெயர் பெற்றது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையே. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1786-ல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792-ல் திப்பு சுல்தானைப் பாதி நாட்டை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கைக்குப் பணியவைத்தவர். அமெரிக்கப் புரட்சிப் பாடத்தைத் திப்புவை விட்டுவிட்டு முடிக்காதீர்கள்.

3. சங்கிலியில் வந்த ஆலிம்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். செனகல் பகுதியைச் சேர்ந்த அய்யூப் சுலைமான் ஜல்லோ மேரிலாந்தில் விற்கப்பட்டார். விடுதலை பெற்று இங்கிலாந்து வந்தபோது குர்ஆனை நினைவில் இருந்தே எழுதிக் கொடுத்தார். 1807-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட உமர் இப்னு சயீத், 1831-ல் தன் வரலாற்றை அரபியில் எழுதினார். அவர் ஞானஸ்நானம் பெற்றதாகத் தேவாலயப் பதிவு சொல்கிறது. ஆனால் அந்தத் தன்வரலாற்றை அவர் தொடங்கியது ஆட்சியதிகாரம் யாருடையது என்று பேசும் 'அல்முல்க்' அத்தியாயத்தைக் கொண்டு. ஓர் அடிமை ஏன் அந்த அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஜார்ஜியாவின் சபேலோ தீவில் அடிமையாக இருந்த பிலாலி முஹம்மது விட்டுச்சென்ற சிறு அரபிக் கையெழுத்துப் படி, உளூவும் தொழுகையும் பற்றிய மாலிக்கி ஃபிக்ஹ் பாடம். மத்ரஸாவில் படித்தது அவர் கையைவிட்டுப் போகவில்லை.

4. மொராக்கோவின் நட்பு. புதிய குடியரசை உலகம் ஏற்குமா என்ற கேள்வி இருந்த 1777-லேயே, மொராக்கோ சுல்தான் முஹம்மது பின் அப்துல்லாஹ் தம் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். 1786-ல் உடன்படிக்கை கையெழுத்தானது. அமெரிக்கா இன்றுவரை முறிக்காமல் வைத்திருக்கும் மிகப் பழைய நட்புறவு உடன்படிக்கை அதுதான்.

5. பருத்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்கவில்லை. எகிப்துப் பருத்தியின் விலை ஏறியது. அந்த வருமானத்தை நம்பி ஆட்சியாளர் இஸ்மாயீல் பெருங்கடன் வாங்கினார். போர் முடிந்து விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை. 1876-ல் எகிப்து திவாலானது, 1882-ல் பிரிட்டன் புகுந்தது.

6. 1965. ஆசியாவில் இருந்து குடியேற 1917-லேயே சட்டத் தடை இருந்தது. 1946-ல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவில் கதவு சற்றே திறந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நாட்டின் மனசாட்சியை அசைத்த பிறகுதான், 1965-ல், நாட்டின அடிப்படையிலான ஒதுக்கீடு நீக்கப்பட்டது. மால்கம் எக்ஸின் ஹஜ் 1964-ல். மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்து காந்தியின் வழியை நெருங்கி அறிந்தது 1959-ல். பிள்ளையின் வாப்பா அந்த நாட்டில் வேலைக்கு வர முடிந்ததற்குப் பின்னால் யாருடைய தியாகம் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நீதி தவறாமல் சொல்லுங்கள்

நமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. வரலாறு கற்பிப்பவருக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தைச் சொல்லும்போது, சஹாரா வழியாகவும் இந்தியப் பெருங்கடல் வழியாகவும் முஸ்லிம் வணிகர்கள் நடத்திய அடிமை வணிகத்தையும் சொல்லுங்கள். அடிமைகளை விடுதலை செய்வதை மார்க்கம் நற்செயலாக்கியது. ஆனாலும் முஸ்லிம் சமூகங்களில் அடிமை முறை நூற்றாண்டுகள் நீடித்தது. 869-ல் பஸ்ரா பகுதியில் ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பதினான்கு ஆண்டுகள் போரிட்டார்கள். வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் அமெரிக்க மாலுமிகள் சிறைபிடிக்கப்பட்டதையும் மறைக்காதீர்கள். 1830-ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தால் பூர்வகுடி மக்கள் தம் மண்ணை இழந்ததைச் சொல்லும் நாம், நம் பக்கத்துக் குறையை விட்டுவிட்டால் பிள்ளை பின்னாளில் அதை வேறொருவரிடம் கேட்டு அறியும். அன்று நாம் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே சந்தேகிக்கும்.

ஆதாரமில்லாத பெருமையும் வேண்டாம். கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம்கள் அமெரிக்கா சென்றார்கள் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. மாலி மன்னர் ஒருவர் மேற்குக் கடலில் கப்பல்களை அனுப்பியதாக, தமக்குப் பின்வந்த மன்சா மூசா சொன்னதைக் கொண்டு அல்உமரி என்ற 14-ஆம் நூற்றாண்டு அறிஞர் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பயணிகள் அமெரிக்காவை அடைந்தார்கள் என்பதற்கு அதில் சான்றில்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பார்ப்பதுபோல, இதை யார் சொன்னார், நேரில் கண்டாரா, யாரிடம் கேட்டார் என்று பிள்ளையைக் கேட்கப் பழக்குங்கள். முஹத்திஸ்கள் நமக்கு விட்டுச்சென்ற இந்தப் பழக்கம் அமெரிக்கக் கல்லூரி வகுப்பிலும் பயன்படும்.

வார ஒழுங்கு

வாரத்துக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் போதுமானது.

திங்கள்: உலக வரலாற்றுப் பாடம்.
செவ்வாய்: அதே காலத்து அமெரிக்க வரலாற்றுப் பாடம்.
புதன்: ஒரு மூலச் சான்று. கடிதம், சட்டம், வரைபடம், கையெழுத்துப் படி எதுவானாலும் சரி. உமர் இப்னு சயீதின் கையெழுத்துப் படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அரபி ஓதத் தெரிந்த பிள்ளை அதன் முதல் வரிகளைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.
வியாழன்: காலக்கோடு.

வெள்ளி ஜும்ஆவுக்கு விட்டுவிடுங்கள்.

காலக்கோட்டுக்கு நீளமான பழுப்புத் தாள் ஒன்று போதும். சுவரில் ஒட்டி மூன்று வரிசை போடுங்கள்: மேலே ஹிஜ்ரி, கிறிஸ்தவ ஆண்டுகள், நடுவில் உலகம், கீழே அமெரிக்கா. உலக வரிசையில் ஒரு நிகழ்ச்சிக்கும் அமெரிக்க வரிசையில் ஒரு நிகழ்ச்சிக்கும் தொடர்பு இருந்தால் சிவப்பு நூலால் இணையுங்கள். நூல் கட்டும் முன், ஒன்று மற்றதற்கு எப்படிக் காரணமானது, அல்லது இரண்டுக்கும் பொதுக் காரணம் எது என்று பிள்ளை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நூல் இல்லை. ஒரே ஆண்டில் நடந்தது என்பது மட்டும் காரணமாகிவிடாது.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த முறை தாய்மாரின் சுமையைக் குறைக்கும். எல்லோருக்கும் ஒரே கண்ணியை எடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை கப்பல் போன வழியை வரைபடத்தில் வரையட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பத்தி எழுதட்டும். பதினாறு வயதுப் பிள்ளை மூலச் சான்றைப் படித்து இரண்டு பக்கக் கட்டுரை எழுதட்டும். எழுதியவற்றைத் தேதியிட்டுக் கோப்பில் சேருங்கள். ஆண்டிறுதி மதிப்பீடு கேட்கும் மாநிலங்களில் அந்தக் கோப்பே உங்களுக்குச் சான்றாகும்.

அந்த மாணவிக்கு, "அதே 1492 தான்மா. ஹிஜ்ரியிலும் ஒரே வருஷம்" என்று பதில் சொன்னேன். அடுத்த வாரம் அவள் தன் வீட்டுச் சுவரைக் கேமராவில் காட்டினாள். தாயும் மகளும் தாள் ஒட்டி, கிரனடாவுக்கும் கரீபியன் தீவுக்கும் இடையே முதல் நூலைக் கட்டியிருந்தார்கள். தாளின் வலது ஓரத்தில் அவள் பிறந்த ஆண்டும் இருந்தது. அதற்கு இன்னும் நூல் கட்டவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மையைத் தயங்காமல் சொல்லும் நாவையும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.